போல்ட்டுக்குள் உறைந்த கிரீஸ்

மலையேறும் பஸ் பகல் பதினொரு மணிக்கு மெக்கானிக்கை வங்கிக்கு எதிரே இறக்கிவிட்டுப் போனது. பதினொரு மணி என்று கைக்கடிகாரம்தான் சொன்னது. வெளிச்சத்தைப் பார்த்தால் விடிந்ததாகவே தெரியவில்லை. பனிமூட்டம் தெருவை முழுங்கி வைத்திருந்தது. பஸ்ஸின் பின்விளக்கு பத்தடி போவதற்குள் காணாமல் போயிற்று. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தது.

அன்று விடுமுறை. வங்கியின் ஷட்டர் இறங்கியிருந்தது. மெக்கானிக் கருவிப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, முன்வாசல் படிகளைப் பார்க்காமல், பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். அந்தப் படிகளைப் பார்க்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்.

மெக்கானிக் என்றால் வண்டி மெக்கானிக் இல்லை. வங்கிகளுக்கும் கிடங்குகளுக்கும் காவலுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் ரைபிள்களைப் பராமரிப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. மலையிலும் அடிவாரத்திலுமாக நூற்றுச் சொச்சம் ரைபிள்கள் அவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கிளைக்கு மட்டும் ஏழு மாதமாக அவர் வரவில்லை. ஏதாவதொரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

காவலறை பின்பக்கம் தனியாக இருந்தது. கருங்கல் சுவர், ஒரே ஒரு ஜன்னல், ஓட்டுக்கூரைக்குக் கீழே பலகை அடித்த மச்சு. வாசலில் செக்யூரிட்டி அக்கா நின்றிருந்தாள். வங்கியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர்.

“மூணு தடவ போன் பண்ணாத்தான் வருவீங்களோ?”

“பஸ் கெடைக்கணும்ல.”

“பஸ் தினமும்தான் வருது. நானும் வாசல்லதான நிக்கிறேன்.”

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள்.

ரைபிள் மேசைமேல் ஒரு பழைய துணியில் கிடந்தது. அதன் மரப்பிடியில் செதுக்கிய எண்ணைப் பார்க்காமலே அவருக்கு அது எந்த ரைபிள் என்று தெரிந்தது.

“என்ன பிரச்சன?”

“போல்ட் நகர மாட்டேங்குது. காலைல இழுத்தா, சேத்துல மாட்டுன கால இழுக்குற மாதிரி இருக்கு.”

“கண்டதையும் பூசியிருப்பீங்க.”

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு சின்னப் பாட்டில் மண்ணெண்ணெய், தேய்ந்த டூத் பிரஷ், கிழித்து மடித்த வெள்ளைத் துணி, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்.

“எங்கிட்ட இருக்குறது இவ்வளவுதான். போலீஸ்ல பதினாறு வருஷம் குப்ப கொட்டுனவ நான். போல்ட்டுக்கு எத்தன சொட்டுன்னு நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பாருங்க.”

தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றினாள். தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரல்விட்டுக் காட்டினாள். பின்பு ஒரு பென்சிலை, ரப்பர் வைத்த முனை கீழே போகும்படி குழாய்க்குள் நழுவவிட்டு, ரைபிளை நிமிர்த்திப் பிடித்து விசையை அழுத்தினாள். பழைய சோதனைதான். போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி சரியான வேகத்தில் முன்னால் பாய்ந்தால், அது முட்டிய பென்சில் துள்ளி வெளியே போகும்.

பென்சில் விரற்கடை உயரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

“இந்த லட்சணத்துல ஊசி அடிச்சா தோட்டா வெடிக்குமா, சொல்லுங்க?”

மெக்கானிக் ரைபிளைத் தன் பக்கம் இழுத்தார். போல்ட்டை உருவி எடுத்தார். பின்புறத் திருகைச் சுழற்றி, ஊசியையும் ஸ்பிரிங்கையும் வெளியே இழுத்தார். அவை சுலபமாக வரவில்லை. ஒரு நீண்ட, ஈரமான சத்தத்தோடு வந்தன. ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் பழுப்பு நிறக் கிரீஸ் அடைத்திருந்தது. குளிரில் மெழுகு மாதிரி இறுகியிருந்தது.

அதன் மணம் மூக்கில் ஏறியதும் அவர் கை நின்றுவிட்டது.

தைலம்.

கிரீஸில் யாரும் தைலம் கலப்பதில்லை. அவர் கலப்பார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மலைக் கிளைகளில் ஈரம் அதிகம். மெல்லிய எண்ணெய் நாலு நாளில் காய்ந்துபோகும், ரைபிள் துருப்பிடிக்கும், மேலதிகாரி திட்டுவார். மெக்கானிக் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கெட்டிக் கிரீஸ், அதில் கொஞ்சம் இன்ஜினிலிருந்து வடித்த கரி எண்ணெய், இளகுவதற்குத் தைலம். மூன்றையும் குழைத்து போல்ட்டுக்குள் அடைத்துவிட்டால் ஆறு மாதத்துக்குத் திறந்தே பார்க்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அடிவாரத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. மலைமேல், விடியற்காலையில், அது இறுகியது.

அப்போது இங்கே காவலுக்கு இருந்தவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அதிர்ந்து பேசாதவன். அவன் இரண்டு தடவை சொன்னான்.

“போல்ட்டு சோம்பேறியா இருக்கு சார்.”

“போல்ட்டு இல்லப்பா, நீதான் சோம்பேறி. நாலு தடவ இழுத்து விடு, சூடாயிடும்.”

ஏழு மாதத்துக்கு முன்பு, காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, மூன்று பேர் கடப்பாரையோடு வங்கிப் படியேறினார்கள். நெட்டையன் ரைபிளைத் தூக்கி விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி அழுத்தினான். வெடிக்கவில்லை. மூன்றாவது தடவையும் வெடிக்கவில்லை. நாலாவதுக்கு அவர்கள் நேரம் கொடுக்கவில்லை.

முந்தின நாள் பக்கத்து ஊர்க் கிளையில் வேலை பார்த்துவிட்டு அங்கேயே தங்கியிருந்த மெக்கானிக், ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். தோட்டா ஏறிய துப்பாக்கியைத் தொட யோசித்த போலீஸ்காரர், அவரிடமே கொடுத்துத் தோட்டாக்களை எடுக்கச் சொன்னார். படியோரம் கிடந்த இரண்டு தோட்டாக்களை யாரும் பார்க்குமுன் அவர் பையில் போட்டார். மூன்றாவது ரைபிளுக்குள்ளேயே இருந்தது. மூன்றின் அடியிலும், ஊசி அடிக்க வேண்டிய பித்தளைப் பொட்டில், கொசு கடித்த மாதிரி ஒரு சின்னக் குழி. ஊசி வந்திருக்கிறது. மெதுவாக வந்திருக்கிறது. மேனேஜரின் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு போல்ட்டைக் கழற்றிக் கழுவினார். பிறகு வெளியே வந்து எழுதிக் கொடுத்தார்: ரைபிள் நல்ல நிலையில் உள்ளது. விசை அழுத்தப்படவே இல்லை.

காவலாளி பயந்துவிட்டான் என்று பேப்பரில் வந்தது.

நெட்டையனின் மனைவி ஒருநாள் கம்பெனி டிப்போவுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டாள். “அவரு துப்பாக்கியத் தூக்கவே இல்லையா?”

“தூக்கியிருப்பாரும்மா. கை நடுங்கியிருக்கும்” என்றார் மெக்கானிக்.

மிச்சமிருந்த கிரீஸ் டப்பாவை அன்று மாலையே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்.

இப்போது அதே கிரீஸ் அவர் விரல் நுனியில் இருந்தது. நேற்று அடைத்த மாதிரிப் புதுசாக.

“மணக்குதில்ல?” என்றாள் அக்கா. “எனக்கும் தெனமும் மணக்குது.”

மெக்கானிக் துணியில் விரலைத் துடைத்தார். “பழைய கிரீஸ். எங்கயாவது மூலைல தங்கியிருக்கும். சுத்தமாக் கழுவிட்டா சரியாயிடும்.”

கழுவினார். முறையாகத்தான் கழுவினார். அந்த ரைபிளுக்கு அவர் ஒருநாளும் காட்டாத அக்கறையோடு. போல்ட்டின் குழலுக்குள் துணியைக் கம்பியில் சுற்றி விட்டு, வெள்ளையாகத் திரும்பி வரும்வரை தேய்த்தார். ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுற்றுச் சுற்றாக பிரஷ் போட்டார். ஊசியை நகத்தால் தடவிப் பார்த்தார். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கிக்கு அடியிலிருந்த கரியைத் தீக்குச்சியால் சுரண்டினார். எல்லாவற்றையும் உலரத் துடைத்து, ஊசிக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதையும் துடைத்து, போல்ட்டின் முன்னால் காது மாதிரித் துருத்தியிருக்கும் இரண்டு இடங்களில் மட்டும் லேசாக எண்ணெய் தடவிப் பூட்டினார்.

ரைபிளுக்குள் போல்ட்டைச் செருகினார். பென்சிலைப் போட்டார். விசையை அழுத்தினார்.

டொக்.

பென்சில் எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அவர் போல்ட்டை உருவித் திருகைச் சுழற்றினார். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் பழுப்பு நிறக் கிரீஸ்.

ஜன்னலுக்கு வெளியே பனி கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது.

“நான் தெனமும் சாயங்காலம் இதத்தான் செய்யிறேன்” என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. “கழுவி, தொடச்சு, ஸ்டாண்டுல வச்சு, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிறேன். விடிஞ்சா இப்படித்தான் இருக்கு. அதுகூடப் பரவால்ல. காலைல ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு சத்தம் வருது. இதே சத்தம். எண்ணி மூணு தடவ.”

“எலியா இருக்கும்.”

“நானும் எலின்னுதான் நெனச்சேன். எந்த எலிங்க மூணு வரைக்கும் எண்ணும்?”

“வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“சொன்னா பயந்துட்டான்னு எழுதுவீங்க. போனவருக்கு எழுதுன மாதிரி.”

மெக்கானிக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அவருக்குக் கைவந்த பழக்கம். “யாரு உங்கள அனுப்புனது? அவன் பொண்டாட்டியா? எங்கயோ அந்தக் கிரீஸ்ல கொஞ்சம் வாங்கி வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா நாடகம் ஆடுறீங்களா?”

“அந்தக் கிரீஸா?” அக்கா அவரை நிதானமாகப் பார்த்தாள். “அதென்ன ‘அந்த’ கிரீஸு?”

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த விரலை மறுபடி துடைத்தார்.

“அந்தம்மாவ நான் பாத்ததுகூட இல்ல. ஆனா தெனமும் காலைல அதே படியில நிக்கிறேன். நாளைக்கு எவனாவது வந்து, இது வெடிக்காம போச்சுன்னா, அடுத்த பொணம் நான். உங்களுக்கு அடுத்த கையெழுத்து. அவ்வளவுதான வித்தியாசம்?” டார்ச்சை எடுத்துக்கொண்டாள். “ரெண்டு மணி ரவுண்டு போயிட்டு வர்றேன். அதுக்குள்ள சரிபண்ணுங்க. இல்லாட்டி ஏன் சரியாகலன்னு சொல்லுங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய பூட்ஸ் சத்தம் ஷட்டர் பக்கமாகப் போய் மறைந்தது.

மெக்கானிக் மறுபடி கழற்றினார். துணிமேல் வரிசையாக வைத்தார். குழல், ஊசி, ஸ்பிரிங், திருகு. அறை குளிர்ந்துகொண்டே போனது. மண்ணெண்ணெய் நெடியை மெல்ல மெல்லத் தைல மணம் மூடியது.

அப்போதுதான் அது கேட்டது.

போல்ட்டின் பிடியை மேலே தூக்கும் சத்தம். பின்னால் இழுக்கும் சத்தம். முன்னால் தள்ளும் சத்தம். பிடியைக் கீழே மடக்கும் சத்தம்.

இருபத்திரண்டு வருடம் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எல்லாமே இழுவையாக, திணறலாக, கிரீஸில் புதைந்து வந்தன.

ஆனால் ரைபிள் அவருக்கு முன்னால் மேசைமேல் கிடந்தது. அதன் போல்ட் நாலு துண்டாகத் துணிமேல் கிடந்தது.

சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் திரும்ப நினைத்தார். பிடரியில் ஏதோ பட்டது. சில்லென்று, வட்டமாக, ஒரு சின்னச் சட்டைப் பொத்தான் அளவுக்கு.

டொக்.

காதருகில், மிகவும் மரியாதையாக ஒரு குரல் சொன்னது.

“சோம்பேறியா இருக்கு சார்.”

மெக்கானிக் எழுந்தார். எழ வேண்டும் என்று நினைத்தார் என்பதே சரி. கால் உடனே கேட்கவில்லை. ஒரு மூச்சு கழித்துத்தான் நகர்ந்தது. கையை நீட்ட நினைத்தால், நினைத்து முடித்த பிறகு கை நீண்டது. மூட்டு மூட்டாக, நரம்பு நரம்பாக உடம்புக்குள் எதையோ அடைத்துவைத்த மாதிரி இருந்தது. எல்லாம் நடந்தது. எல்லாம் தாமதமாக நடந்தது.

பிடரியில் அந்த வட்டமும் கூடவே வந்தது.

கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார். வழுக்கியது. சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். வழுக்கியது. சட்டை முழுக்கக் கிரீஸ். கழுத்தில், மூக்குக்கண்ணாடியில், இமையில்.

பின்னால் போல்ட் இழுபட்டது.

டொக்.

அவர் கத்தினார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வாயை மூடிய பிறகு, தொண்டைக்குள் எங்கோ அடியில் அந்தக் கத்தல் கெட்டியாகப் புரண்டது.

மறுபடி போல்ட் இழுபட்டது.

டொக்.

மூன்று.

அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். நெட்டையனுக்குக் கிடைத்தது மூன்றுதான். நாலாவது கிடைக்கவில்லை. கதவோரம் சரிந்தார்.

பிடி மேலே எழும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அது இழுவையாக இல்லை. வழவழவென்று பின்னால் போய், வழவழவென்று முன்னால் வந்து, கண்ணாடிமேல் கண்ணாடி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. நன்றாகக் கழுவி, உலரத் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்ட போல்ட்டின் சத்தம்.

அப்படிப்பட்ட போல்ட் ஏமாற்றாது. அது அவரைவிட யாருக்குத் தெரியும்?

பிடரியில் வட்டம் அழுந்தியது.

“நான்தான்” என்றார் மெக்கானிக். உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வந்தது. “கிரீஸ் வச்சது நான்தான். அவன் சுட்டான். மூணு தடவயும் சுட்டான். தோட்டாவ எடுத்து ஒளிச்சது நான்தான். அவன் பயப்படல. அவன் பயப்படவே இல்ல...”

கதவு திறந்து அவர் தோளில் இடித்தது. அக்கா டார்ச்சோடு நின்றிருந்தாள். தாழ்ப்பாள் போடப்படவே இல்லை.

அவள் முதலில் அறையைப் பார்த்தாள். பின்பு அவரை. அவர் சட்டையில் ஒரு பொட்டுக் கிரீஸ்கூட இல்லை. குனிந்திருந்த பிடரியில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. டார்ச்சை அருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். ரைபிள் குழாயின் வாயைப் பதினாறு வருடம் துடைத்தவளுக்கு, அந்த அளவு எதன் அளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“கடைசியா என்ன சொன்னீங்க?” என்றாள். “திருப்பிச் சொல்லுங்க.”

அவர் சொன்னார், கிரீஸ் குழைத்ததையும் நெட்டையன் இரண்டு தடவை எச்சரித்ததையும் சேர்த்து.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டியூட்டித் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவை வைத்தாள். “எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. என்னென்ன கலந்தீங்க, யாரு உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னது, நீங்க என்ன பதில் சொன்னீங்க. ஒண்ணு விடாம.”

எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. விரல்கள் இன்னும் தாமதமாகவே வந்தன. முடித்ததும் கருவிப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, துணியில் சுற்றிய மூன்று தோட்டாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் கொசுக்கடி.

அக்கா குனிந்து அவற்றைப் பார்த்தாள்.

“ஏழு மாசமா இத வச்சிருந்தீங்களா?”

“தூக்கிப் போட மனசு வரல.”

“வாயத் தொறக்கவும் மனசு வரல.”

துணிமேல் கிடந்த நாலு துண்டுகளை அவளே துடைத்தாள், அவளே பூட்டினாள். மெக்கானிக் கிட்டே வரவில்லை. போல்ட் ரைபிளுக்குள் சத்தமில்லாமல் போனது. பென்சிலைப் போட்டு விசையை அழுத்தினாள்.

பென்சில் சீறிக்கொண்டு போய் மச்சுப் பலகையில் மோதி, இரண்டாக உடைந்து விழுந்தது.

மூன்றரை மணி பஸ்ஸில் மெக்கானிக் மலையிறங்கினார். அக்கா மறுநாளே அந்தத் தாளையும் தோட்டாக்களையும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. வழக்கு நடந்தது, இன்னும் நடக்கிறது. காவலாளி கடைசிவரை போராடினான் என்று பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அந்த ரைபிளில் அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லையாம். காலையில் சத்தமும் இல்லையாம். அக்கா போனில் இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க” என்று வைத்துவிட்டாள்.

ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஒரு காரியம் பாக்கி இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரில் வந்த அந்த நாலு வரியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நெட்டையனின் வீட்டைத் தேடிப் போனார்.

சின்ன வீடு. முன்னால் இடுப்பளவு இரும்புக் கேட். அதைத் திறந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினார். நெட்டையனின் மனைவி வந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. உள்ளே பாதி தைத்த துணியோடு ஒரு மெஷின் நின்றிருந்தது. அவள் அவரை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம்கூட ஆகவில்லை.

அவர் பேப்பர் துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“படிச்சிட்டேன். பேங்க்ல காவலுக்கு நிக்கிற அந்தம்மா வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாங்க.”

“என்ன மன்னிச்சிரும்மா.”

“நீங்க அன்னைக்குச் சொன்னத நான் நம்பவே இல்ல” என்றாள். குரல் உயரவில்லை. “என் வீட்டுக்காரர எனக்குத் தெரியாதா? ஆனா என் மக நம்பிட்டா. அப்பா பயந்துட்டாராம்மான்னு என்கிட்ட கேட்டா. பத்து வயசுப் புள்ள. எட்டு மாசம் அவரு போட்டோவப் பாக்காமயே இருந்துச்சு. அத எந்தத் தாள்ல எழுதிக் குடுப்பீங்க?”

மெக்கானிக் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன். இந்த வாசல்ல இனிமே கால் வைக்காதீங்க.”

அவர் திரும்பவில்லை. ஏனென்றால் அவள் பார்வை மாறிவிட்டிருந்தது. அவர் முகத்திலிருந்து விலகி, தோளுக்கு மேலே போய், தலைக்கும் மேலே போய் நின்றது. கதவு நிலையின் உயரத்தில் நின்றது. முகத்திலிருந்த இறுக்கம் கரைந்து, கண்ணில் தண்ணீர் கோத்தது. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள், புதுப்பெண் மாதிரி.

பிறகு, அவர் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னாள்.

“சரி. பாத்துப் போயிட்டு வாங்க.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

இனிமேல் கால் வைக்காதே என்று சொன்ன வாயால் யாரும் போயிட்டு வாங்க என்று சொல்ல மாட்டார்கள். அது தனக்குச் சொன்னது இல்லை என்று மெக்கானிக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். அதைச் சாத்துவதற்குக்கூடக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

தெருவில் யாரும் இல்லை. நல்ல வெயில்.

பத்தடி போயிருப்பார். பின்னால் கேட் சாத்தப்பட்டது. வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்காரர் செய்கிற மாதிரி, யாரோ வெளியிலிருந்து நிதானமாகக் கொண்டியைப் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள்.